புயல் கூண்டு ஏறாத நாட்களில்

வியாழன்

கடலூர் என்ற பெயர் எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் காதில் விழும். "கடலூர், நாகப்பட்டினம் துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று செய்தி வாசிப்பார்கள். கோவில்பட்டிக் கரிசலில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அந்த மழையில் பாதி இங்கே வந்தால் போதும் என்றிருக்கும். அத்தானுக்குக் கடலூருக்கு மாற்றல் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் புயல்தான் ஞாபகம் வந்தது. "கல்யாணமாகி வருசம் திரும்பல, புயலடிக்கிற ஊருக்கா பிள்ளையக் கூட்டிட்டுப் போற?" என்று ஆச்சி அத்தானிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

புதன்கிழமைதான் அத்தான் வேலையில் சேர வேண்டும். அதற்குள் முடிந்த வரை சுற்றிப் பார்த்து, அன்றன்றைக்கு இரவே எழுதிப் போடலாம் என்றிருக்கிறேன். சிதம்பரத்துக்குப் போகிறவர்களும் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்களும் கடலூரை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது என்று வந்த அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

வீடு மஞ்சக்குப்பத்தில். சாமான்களை இறக்கிப் போட்டுவிட்டுச் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கிளம்பினோம். பெரியார் கலைக் கல்லூரியைத் தாண்டிப் போனால் மணல்தான். சில்வர் பீச் என்பது அதுதான். பள்ளி விடுமுறை என்பதால் நல்ல கூட்டம். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புளிசாதப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயில் பகலெல்லாம் வறுத்தெடுத்த பிறகு, ஐந்து மணிக்கு மேல் கடல் காற்று கிளம்பியது பாருங்கள், அதற்காகவே இங்கே குடியிருக்கலாம்.

இந்தக் கரையை ஒட்டி, கெடிலம் ஆற்றோரம்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் மராத்தியரிடமிருந்து அதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்து என்று பேச்சு. அதற்காகச் சென்னையிலிருந்து பீரங்கி கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டிருக்கிறார்கள். அப்படிக் கம்பெனி கைக்குப் போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். கடலூரில் குண்டுசாலை இன்றும் இருக்கிறது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், 1752 வரை தென்னிந்தியாவில் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். பிறகு 1758-ல் பிரெஞ்சுப் படை இதையும் பிடித்து இடித்துத் தள்ளிவிட்டது. ஜார்ஜ் கோட்டையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். அதற்கு இணையாக இங்கே ஒன்று நின்றதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். மிச்சம் கிடக்கும் சுவர்களையாவது காப்பாற்ற வேண்டும்.

சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். சுண்டல் விற்ற அம்மாவிடம் மெல்ல அந்தப் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா, புதுசா வந்திருக்கீங்க, சுண்டல் சாப்பிடுங்க" என்று கூட ஒரு கரண்டி போட்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வெள்ளி

காலையில் திருப்பாப்புலியூர் பாடலீசுவரர் கோயில். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால், வெளியூர் பஸ்ஸுக்குப் பையோடு நிற்பவர்கள்கூட உள்ளே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். தல மரம் பாதிரி.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவர் வந்து சேர்ந்த ஊர் இதுதான். சின்ன வயதில் ஓதுவார் பாடக் கேட்டபோது கரை என்றால் ஏதோ ஒரு கரை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இடத்துக்குப் பெயரும் உண்டு, பஸ்ஸும் உண்டு: கரையேறவிட்டகுப்பம், வண்டிப்பாளையம் பக்கம். ஆட்டோவில் போனோம். அங்கிருந்து பார்த்தால் இன்று கடல் தெரியாது, வீடுகளும் தென்னையும்தான். ஆண்டுதோறும் அப்பர் கரையேறிய விழா நடக்கிறது. இதை நடந்த கதையாக எடுப்பதா, நம்பிக்கையாக எடுப்பதா என்று அத்தான் பேச ஆரம்பித்தார். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. எத்தனையோ நூற்றாண்டாக ஒரு குப்பம் தன் பெயரிலேயே ஒருவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, அது போதாதா?

சாயங்காலம் திருவந்திபுரம் தேவநாத சுவாமி. முகூர்த்த நாளில் இந்த ஊரில் கல்யாணங்கள் வரிசை கட்டும். எதிரே இருக்கும் மலையில் ஹயக்ரீவர் சன்னிதி. வேதாந்த தேசிகர் பல காலம் வாழ்ந்த தலம். எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கும் இங்கேதான் தாலி கட்டினார்களாம். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி மலைப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

சனி

கடலூர் முதுநகரை இங்கே ஓ.டி. (ஓல்டு டவுன்) என்கிறார்கள். துறைமுகம் அங்கேதான். வந்ததிலிருந்து நான் பார்க்க ஆசைப்பட்டது புயல் கூண்டு.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக் கூடாது; மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம். படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. சிலவற்றைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எஞ்சினைக் கழற்றிப் பாகம் பாகமாகச் சாக்கில் பரப்பியிருக்கிறார். வருமானம் இல்லாத இந்த நாட்களில்தான் செலவெல்லாம் வரிசையாக வருகிறது.

வலைக்கூடத்தில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கையில் பிளாஸ்டிக் வலை ஊசி, சாண் நீளம் இருக்கும். அதன் நடு நாக்கில் நைலான் நூல் சுற்றியிருந்தது. கிழிந்த இடத்தை அப்படியே தைக்கவில்லை. முதலில் கத்தியால் ஓட்டையை இன்னும் பெரிதாக அறுத்தார். எனக்குத் திக்கென்றது. பிய்ந்த நூலையெல்லாம் களைந்து, முழுக் கண்ணியாக நிற்கிற இடம் வந்ததும், மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு அங்கிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை இடது கை விரலைச் சுற்றி எடுத்துவந்து அளவு பார்க்கிறார், ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது, ஒரு சுண்டு, முடிச்சு விழுந்துவிடுகிறது. பேசிக்கொண்டேதான் செய்கிறார், கண் வலையில்கூட இல்லை. "ஒரு கண்ணி சின்னதாப் போனா இழுக்கும்போது வலை கோணிக்கும் தம்பி, மீனு அந்தப் பக்கமா வெளிய போயிடும்" என்றார் அத்தானிடம். அத்தானுக்கு ஊசியை வாங்கிப் பார்க்க ஆசை. கேட்டதும் கொடுத்துவிட்டார்.

கூண்டைப் பற்றி அவரிடமே கேட்டேன். இத்தனை வருடம் செய்தியில் கேட்டும் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. மொத்தம் பதினோரு எண். ஒன்றும் இரண்டும் என்றால் புயல் சின்னம் தொலைவில், ஆழ்கடலில். மூன்றும் நான்கும் ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரும் என்று அர்த்தம். ஐந்திலிருந்து ஏழு வரை ஆபத்து, எட்டிலிருந்து பத்து வரை பெரும் ஆபத்து. இந்த மூன்று மூன்று எண்களிலும், புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், இல்லை நேராக மேலேயே ஏறி வருமா என்பதைப் பொறுத்து எண் மாறும். பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனதாக அர்த்தம். பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

"இப்ப போன்லயே எல்லாம் வந்துடுதே, இன்னமும் கூண்டைப் பாக்கிறீங்களா?" என்று அத்தான் கேட்டார்.

"போன்ல வரட்டும் தம்பி. கூண்டு ஏறுனாத்தான் எங்க ஊட்டுல பொம்பளைங்க கடலுக்கு உட மாட்டாங்க" என்றார்.

கம்பம் இன்று வெறுமையாக நின்றது. வெயில் பட்ட இரும்புக் கம்பம், அவ்வளவுதான். ஆனால் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தச் செய்தியை இனி எங்கே கேட்டாலும் இந்தப் பெரியவரின் வீட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

தடைக்காலத்திலும் நாட்டுப்படகும் பைபர் படகும் போய்வருவதால் மீனுக்குப் பஞ்சமில்லை. நெத்திலி வாங்கி வந்தேன். நாங்கள் தேங்காய் அரைத்து ஊற்றுவோம். வீட்டுக்கார அம்மா தேங்காயே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்: புளி, தக்காளி, நிறையப் பூண்டு, குழம்பு கொதித்துச் சுண்டி வரும்போது ஒட்டுமாங்காய்த் துண்டு, கடைசியில் நெத்திலி, போட்ட பிறகு கரண்டி படக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்க வேண்டும். அத்தான் மூன்று முறை சோறு வாங்கினார். பதிலுக்கு நான் கொடுத்தது கோவில்பட்டிக் கடலை மிட்டாய்.

ஞாயிறு

பாண்டிச்சேரி. திருப்பாப்புலியூரில் பஸ் ஏறி, தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முள்ளோடை வந்துவிடுகிறது. அதோடு மாநிலம் மாறுகிறது. பாகூர் பக்கமெல்லாம் ஒரு கிராமம் கடலூர் மாவட்டம், அடுத்த கிராமம் புதுச்சேரி என்று கலந்து கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே கிடைத்த ஊர்களைச் சேர்த்ததன் மிச்சம்.

வழியில் அரியாங்குப்பத்தில் இறங்கி அரிக்கமேடு பார்த்தோம். ஆற்றங்கரையில் மாந்தோப்பு, நடுவே பிரெஞ்சுக் காலத்துக் கட்டடத்தின் செங்கல் சுவர் இரண்டு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளும் இத்தாலியில் செய்த பாத்திர ஓடுகளும் கிடைத்தன. இங்கே செய்த கண்ணாடி மணிகள் கடல் கடந்து விற்றன. தோண்டிய குழிகளெல்லாம் மூடிக் கிடப்பதால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. படித்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் அந்த இடம்.

ஊருக்குள் நாங்கள் முதலில் தேடிப் போனது ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டுக்கு. எட்டயபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே பிறந்தவர் 1908-ல் ஆங்கிலப் போலீசுக்குப் பிடிகொடுக்காமல் பிரெஞ்சு மண்ணுக்கு வந்து பத்து வருடம் இருந்தார். அவருடைய பெரிய படைப்புகள் பலவும் இந்த ஊரில் எழுதியவை. 1918 நவம்பரில் இங்கிருந்து கிளம்பி எல்லையைத் தாண்டியதும் கைது செய்து அவரை அடைத்து வைத்தது கடலூர் சிறையில். காலையில் நாங்கள் பஸ்ஸில் வந்த அதே எல்லை. விடுதலையான பிறகு அவர் போய்ச் சேர்ந்தது எங்கள் சீமைக் கடையத்துக்கு. முற்றத்தில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார்.

மற்றதெல்லாம் வழக்கமான சுற்று. மணக்குள விநாயகர், காந்தி சிலை, 1952 புயலில் போய்விட்ட பழைய இரும்புப் பாலத்தின் மிச்சத் தூண்கள். வெள்ளைக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுக்கத்தான் கூட்டம் அலைமோதுகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் தெருக்களில் திண்ணையும் மரத்தூணுமாக நிற்கும் வீடுகள் எனக்கு அதைவிடப் பிடித்தன. காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் இரண்டு தலையணை உறையும் ஒரு இரும்பு வாணலியும் வாங்கினோம்.

திங்கள்

இந்தப் பயணத்தில் என் மனசுக்கு மிக நெருக்கமான நாள் இதுதான்.

பண்ருட்டி பஸ் நிலையத்தில் இறங்கும்போதே பலா வாசனை. தெருவோரமெல்லாம் குவியல். ஒரு கடைக்காரர் பழத்தைத் தட்டிப் பார்த்தே பக்குவம் சொல்கிறார்: காய் கணீர் என்கிறது, கனிந்தது சத்தத்தை உள்ளேயே வாங்கிக்கொள்கிறது. முள்ளும் அகன்று விரிந்திருக்க வேண்டுமாம். கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு நீளவாக்கில் பிளந்தார். பால் பொங்கியது, அதைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தார். நடுத்தண்டைச் சீவியதும் சுளைகள் தாமாகப் பிரிந்து வந்தன. ஒரு சுளையை நாங்கள் இருவரும் பகிர்ந்து தின்றோம், அவ்வளவு பெரியது. கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், சாம்பாரில் போடுங்கள் என்று தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

அங்கிருந்து திருவதிகை பக்கம்தான். வெள்ளிக்கிழமை பார்த்த கதைக்கு ஆரம்பம் இங்கே. சூலை நோயில் துடித்த தம்பியைத் திலகவதியார் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனது இந்த வீரட்டானத்தில்தான். அப்பரின் முதல் பதிகம் இங்கே பிறந்தது. பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கம். திலகவதியாருக்குத் தனிச் சன்னிதி. கடவுளரும் அடியவரும் நிறைந்த கோயில்களில் ஓர் அக்காவுக்குச் சன்னிதி வைத்த ஊர் என்று எனக்கு இதன்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

பிற்பகலில் காடாம்புலியூர் பக்கம், அத்தானின் உடன் வேலை பார்ப்பவருடைய உறவினர் தோப்புக்குப் போனோம். செம்மண் பூமி. முந்திரிக்கு நடுவே அங்கங்கே பலா. கரிசலில் பிறந்தவளுக்கு அந்தச் சிவப்பே ஒரு காட்சி. வீட்டு வாசலில் பெண்கள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் நிமிர்த்தி வைத்துக் கட்டையால் ஒரு தட்டு. ஓடு இரண்டாகிப் பருப்பு முழுசாக வர வேண்டும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துவிடும், அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள். அப்படியும் ஒரு அக்காவின் விரல் நுனிகள் கறுத்து, ரேகையே தெரியாமல் இருந்தன. "ஆதார் மெஷின்ல என் வெரலே உழாதும்மா" என்றார். கடையில் வெள்ளை வெளேரென்று பார்க்கும் முழுப் பருப்பை இனி என்னால் சாதாரணமாக எடுத்து வாயில் போட முடியாது.

தோப்புக்காரப் பாட்டி ‘தானே’ என்று பெயர் வைத்த புயலைப் பற்றி, நாங்கள் கேட்காமலே சொன்னார். 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. "ராத்திரி படுக்கும்போது தோப்பு இருந்துச்சி. விடிஞ்சி கதவைத் தொறந்தா வானந்தான் இருந்துச்சி" என்றார். அவருடைய மாமனார் வைத்த பலாக்கள் வேரோடு சாய்ந்தன. விதை போட்டு வளர்த்தால் பலா காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். பாட்டியின் கணவர் அந்த மாசியிலேயே குழி எடுத்துக் கன்று வைத்திருக்கிறார். முதல் காயைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மரங்களில்தான் இப்போது அடிமரத்திலிருந்து காய் பிடித்துத் தொங்குகிறது. ஒரு மரத்தைத் தடவிக் காட்டி, "இது தாத்தா வச்சது, எடுத்துனு போ" என்று ஒரு பழத்தை அறுத்து எங்கள் கையில் கொடுத்தார். பணம் நீட்டிய அத்தானை அதட்டிவிட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்

வடலூர். வள்ளலாரின் சத்திய ஞான சபை எண்கோண வடிவில், நல்ல அகலமான வெளியின் நடுவே இருக்கிறது. நிலம் பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த 80 காணி. கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதியிருக்கிறது. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள், உள்ளே போகவில்லை. வெளியிலிருந்தே கும்பிட்டோம். யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சொல்லி வைத்ததை மதிக்க வேண்டும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

தருமசாலையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பசி என்று வந்தால் போதும். 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. பந்தியில் எங்கள் இடப்பக்கம் ஒரு லாரி டிரைவர், வலப்பக்கம் பள்ளிச் சீருடைப் பையோடு ஒரு பாட்டியும் பேத்தியும். சூடான சோறு, சாம்பார், ஒரு பொரியல். பரிமாறியவர் "இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்கம்மா" என்று கேட்ட தோரணையில் தானம் போடுகிற சாயலே இல்லை. எழுந்து கை கழுவிவிட்டு, வரும்போது கொண்டுவந்த அரிசிப் பையைக் கொடுத்தோம். ரசீது எழுதிக் கொடுத்தார்கள்.

தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக, சபைக்கு வெளியே திரளும் கூட்டத்தில் நின்றே ஜோதியைப் பார்க்கலாம் என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். அத்தையையும் மாமாவையும் அப்போது வரவழைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இப்போதே போனில் வழி சொல்லியாயிற்று: கோவில்பட்டியில் ரயில் ஏறி விருத்தாசலத்தில் இறங்கினால், நெய்வேலி வழியாக வடலூருக்கு பஸ் இருக்கிறது.